ராமானுஜனின் 6746328388800: ஒரே எண்ணை வைத்து பாரி/ஜிபி மென்பொருளுக்கு ஒரு மதிப்புரை

பெரிய முழு எண் ஒன்றின் பகாக் காரணிகள் யாவை, அதற்கு மொத்தம் எத்தனை காரணிகள், அவற்றின் கூடுதல் எவ்வளவு என்று அறிய விரும்புபவருக்கு இன்று இணையத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணைப் பெட்டியில் இட்டுப் பொத்தானை அழுத்தினால் பத்து இருபது பண்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் பக்கங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றின் குறை, அவை தமக்குத் தெரிந்த கேள்விகளுக்கு மட்டுமே விடை சொல்லும் என்பதுதான். நமக்குப் பதினோராவதாக ஒரு கேள்வி தோன்றினால் அங்கே அதற்கு இடமில்லை. அந்தப் பதினோராவது கேள்விக்கும் இடம் தரும் கருவி என்ற முறையில்தான் பாரி/ஜிபி மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன்.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1985 வாக்கில் தொடங்கிய இம்மென்பொருள், இப்போது கரீம் பெலபாஸ் பொறுப்பில், தன்னார்வலர்கள் பலரின் உழைப்போடு வளர்ந்து வருகிறது. பாரி என்பது உள்ளே இயங்கும் கணித நூலகம். ஜிபி என்பது அந்த நூலகத்தோடு நாம் உரையாடும் கணிப்பான். குனூ பொது உரிமத்தில் வெளியாவதால் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு பாரிட்ராய்ட் என்ற செயலி உள்ளது. எதையும் நிறுவ விரும்பாதவர்கள் இணைய உலாவியிலேயே இயக்கிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

இதில் உள்ள நூற்றுக்கணக்கான கட்டளைகளை வரிசையாக விவரித்தால் அது கையேடாகிவிடும். ஆகவே ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி நமக்கு இயல்பாக எழும் கேள்விகளை இம்மென்பொருள் எப்படி எதிர்கொள்கிறது என்று பார்ப்பதே நேர்மையான சோதனை எனக் கருதினேன். நான் எடுத்துக்கொண்ட எண் 6746328388800. நம் வழக்கப்படி வாசித்தால் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையில், நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கொண்ட அட்டவணையின் கடைசியில் நிற்பது இந்த எண்தான்.

உயர் பகு எண் என்பது, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகக் காரணிகளைக் கொண்ட எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள்; 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை; ஆகவே 12 ஓர் உயர் பகு எண். பகா எண்களுக்கு நேர் எதிரான துருவத்தில் இருப்பவை இவை. கணினியின் உதவி ஏதும் இல்லாத காலத்தில் ராமானுஜன் இவற்றைப் பதின்மூன்று இலக்கம் வரை கையால் கணக்கிட்டுச் சென்றிருக்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகத்தான்.

இந்த எண்ணைச் சாதாரணக் கருவிகளில் இட்டுப் பார்த்தால் தொடக்கத்திலேயே தடுமாற்றம் தெரியும். கல்லூரி மாணவர்கள் வைத்திருக்கும் அறிவியல் கால்குலேட்டரில் பத்து இலக்கம் வரைதான் திரையில் தெரியும், அதனால் 6.746328389 பெருக்கல் பத்தின் 12ஆம் அடுக்கு என்று சுருக்கிவிடும். காரணிப்படுத்தும் பொத்தான் உள்ள மாதிரிகளும் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை ஏற்பதில்லை. எண்ணியலில் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலும் எண்ணின் குணமே மாறிவிடும் என்பதால், தோராயமான விடை இங்கே விடையே அல்ல. பாரி/ஜிபியில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு என்று நடைமுறையில் ஒன்றுமில்லை. கணினியின் நினைவகம் இடம் தரும் வரை ஓர் இலக்கத்தைக்கூட விடாமல் வைத்துக்கொள்ளும்.

நிரலைத் திறந்தால் அலங்காரம் ஏதுமற்ற திரையில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதன் எதிரே எண்ணையோ கட்டளையையோ தட்டச்சு செய்து என்டர் தட்ட வேண்டும். விடைகள் விழுக்காட்டுக் குறியோடு ஒன்று, இரண்டு என வரிசை எண் பெற்று வரும். முன்னர் வந்த விடை மீண்டும் வேண்டுமானால் அந்த வரிசை எண்ணைச் சொன்னாலே போதும். முதலில் 'ஃபேக்டர்' கட்டளையைக் கொடுத்தேன். விரலை எடுப்பதற்குள் இரண்டு நெடுவரிசைகள் கொண்ட ஓர் அணி திரையில் விழுந்தது: இடப்பக்கம் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, வலப்பக்கம் அவற்றின் அடுக்குகளாக 6, 4, 2, 2, பிறகு ஐந்து முறை 1. அதாவது 2-இன் ஆறாம் அடுக்கு, 3-இன் நான்காம் அடுக்கு, 5-இன் வர்க்கம், 7-இன் வர்க்கம், பின்னர் 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முறை.

விடை இப்படி அணியாக வருவது முதன்முறை பார்ப்பவரைச் சற்று மிரட்டும். பெருக்கல் குறியிட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி காட்டக்கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் சிறிது நேரம் பழகியபின் அணி வடிவத்தின் பயன் விளங்குகிறது. அடுக்குகளை மட்டும் தனி நெடுவரிசையாகப் பிரித்தெடுத்து அடுத்த கணக்குக்கு அனுப்பலாம். மேலும் அந்த வலப்பக்க நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கும்போதே ராமானுஜன் நிறுவிய ஒரு செய்தி கண்ணில் படுகிறது: உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி வரும், அடுக்குகள் கீழே போகப்போகக் குறையுமே தவிர ஏறா, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. ஏன் ஏறா என்பதையும் அங்கேயே சோதித்துவிடலாம். 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். எண் மட்டும் இரண்டேகால் மடங்காகிவிடும். அதே எண்ணிக்கைக்குச் சிறிய எண் ஒன்று இருக்கும்போது பெரியது உயர் பகு எண்ணாக முடியாதல்லவா?

காரணிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 'நம்டிவ்' கட்டளை 10080 என்றது. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் பள்ளி முறையிலும் இதுவே வருகிறது: 7, 5, 3, 3 ஆகியவற்றின் பெருக்கல் 315, அதை இரண்டின் ஐந்தாம் அடுக்கான 32-ஆல் பெருக்கினால் 10080. அந்த 10080-ஐயும் இதே கட்டளையில் இட்டுப் பார்த்தால் 72 என்று வரும். 10080-உம் ஓர் உயர் பகு எண்ணே.

காரணிகள் அனைத்தையும் எழுதிக்காட்டச் சொல்லும் 'டிவைசர்ஸ்' கட்டளையைக் கொடுக்கும்போது கவனம் தேவை. வரியின் இறுதியில் அரைப்புள்ளி வைக்காவிட்டால் பத்தாயிரத்து எண்பது எண்களும் திரையில் கொட்டி, அதற்குமுன் செய்த வேலையெல்லாம் மேலே போய் மறைந்துவிடும். அரைப்புள்ளி வைத்தால் விடையைக் காட்டாமல் நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும்; பிறகு 5040ஆவது எது, 5041ஆவது எது என்று தனித்தனியாகக் கேட்கலாம். அவ்விரண்டையும் பெருக்கினால் நம் எண்ணே திரும்ப வரும். முழு எண் வர்க்கமூலத்தைத் தனியே கேட்டால் 2597369 என்கிறது. ஆக, ஆறே முக்கால் இலட்சம் கோடி அளவுள்ள இந்த எண்ணின் காரணிகளில் சரிபாதி, 26 இலட்சத்துக்குக் கீழேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அட்டவணையில் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நெருக்கம் புலப்படாது. வரிசையாக எடுத்துப் பார்க்க முடிவதால்தான் தெரிகிறது. 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். முதன்முதலில் வகுக்க மறுப்பது 29. அந்த 28 எண்களின் மீச்சிறு பொது மடங்கு 80313433200. நம் எண் அதைப் போல 84 மடங்கு. இலக்கங்களின் கூடுதல் 63. அந்த 63-ஆலும் எண் வகுபடுகிறது. ராமானுஜன் என்றவுடன் எல்லோரும் நினைக்கும் 1729-ஆலும் வகுத்துப் பார்த்தேன்: 3901867200, மீதி இல்லை. 1729 என்பது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல் என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அது பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருப்பது. காரணிகளின் கூடுதலைத் தரும் 'சிக்மா' கட்டளை 39413832353280 என்றது. இதை நம் எண்ணால் வகுக்கச் சொன்னால் 5.84 என்று தசமத்தில் அவசரப்பட்டு இறங்காமல், சுருக்கி 1039368/177905 என்ற துல்லியமான பின்னத்தைத் தருகிறது. தசமம் வேண்டுமானால் நாம்தான் கேட்க வேண்டும்; கேட்டால் 38 இலக்கத் துல்லியத்தில் தரும். பதின்ம வடிவில் உடனே மாற்றிவிடும் கருவிகளில் பழகியவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் பகுதியில் உள்ள 177905-ஐக் காரணிப்படுத்தினால் 5, 7, 13, 17, 23 என வருகிறது. எந்தப் பகா எண்கள் தொகுதியோடு அடிபட்டன, எவை எஞ்சின என்ற விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. தசமத்தில் அது தொலைந்துபோயிருக்கும்.

இந்த விகிதத்தைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. ராமானுஜனின் 1915ஆம் ஆண்டுக் கட்டுரை முழுமையாக அச்சாகவில்லை. முதல் உலகப் போரின்போது லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை ஏற்பட்டதால் பிற்பகுதி அப்படியே நின்றுபோனது. அப்பகுதி ழான்-லூயி நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புரைகளோடு 1997-இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது. பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் உண்மையாக இருந்தால், காரணிகளின் கூடுதலுக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதம் எந்த எல்லைக்குள் அடங்கும் என்பது அப்பகுதியில் வரும் செய்திகளுள் ஒன்று. ரோபன் 1984-இல் இதைக் கூர்மையாக்கி, 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அந்த விகிதம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்கும் என்பதும் ரீமன் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றுக்கொன்று சமமான கூற்றுகள் என நிறுவினார். எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்து, e என்ற எண்ணை ஆய்லர் மாறிலிக்கு (சுமார் 0.577) அடுக்குயர்த்தினால் வரும் 1.781-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும்.

எண் பண்புகளைப் பட்டியலிடும் பக்கங்களில் இந்தக் கேள்விக்குப் பொத்தான் இருக்காது. பாரி/ஜிபியில் ஆய்லர் மாறிலிக்கே ஒரு பெயர் ஒதுக்கப்பட்டிருப்பதால், சூத்திரத்தைக் காகிதத்தில் எழுதுவது போல ஒரே வரியில் எழுதிவிடலாம். நம் எண்ணுக்கு எல்லை 6.030, விகிதம் 5.842. மயிரிழை அல்ல என்றாலும் அதிக இடைவெளியும் இல்லை. 5040-ஐ இட்டால் விகிதம் 3.838, எல்லை 3.817, எல்லை மீறப்படுகிறது. 5040-க்கு மேல் இப்படி மீறும் எண் ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் ரீமன் கருதுகோள் தவறாகிவிடும். இப்படியொரு பெரிய கேள்வியின் ஓரத்தைப் பள்ளி மாணவர்கூட ஒரு வரியில் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பதே இக்கருவிக்கு நான் தரும் மிக உயர்ந்த மதிப்பெண்.

அடுத்த சோதனை, ராமானுஜனின் அட்டவணையையே மீட்டெடுப்பது. பத்து இலட்சம் வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதுவரை கண்ட அதிகபட்சத்தைத் தாண்டும் எண்ணை மட்டும் அச்சிடு என்று ஒரே வரியில் கட்டளையிட்டால், சில நொடிகளில் 1-இல் தொடங்கி 720720-இல் முடியும் 38 எண்கள் வந்து நிற்கின்றன. ஆனால் இதே வழியில் பதின்மூன்று இலக்கம் வரை போக நினைப்பது மென்பொருளின் மேல் வீண் பாரம் ஏற்றுவதாகும்; எவ்வளவு வேகமான கணினியும் ஆறே முக்கால் இலட்சம் கோடி எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கும். அங்கே ராமானுஜனின் வழிக்குத்தான் திரும்ப வேண்டும்: அடுக்குகள் ஏறாத வரிசையில் அமையும் எண்களை மட்டும் உருவாக்கி, அளவுப்படி வரிசைப்படுத்தி, அவற்றுள் சாதனை படைப்பவற்றைப் பொறுக்க வேண்டும். ஜிபியின் மொழியில் இது பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கிவிடுகிறது. பைத்தான் தெரிந்தவர்கள் அதிலும் எழுதலாம். அங்கே காரணிப்படுத்துவதற்குத் தனி நூலகம் ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டும், இங்கே எல்லாம் முதலிலிருந்தே கைவசம் இருக்கின்றன.

அந்தப் பட்டியலை ராமானுஜனின் அட்டவணையோடு ஒப்பிட்டால், அறிஞர்கள் முன்பே சுட்டிக்காட்டிய ஒரு விடுபடல் நம் கண்ணாலேயே தெரிகிறது. 4608 காரணிகளைக் கொண்ட 195545750400-க்கு அடுத்து, அட்டவணை 5376 காரணிகளைக் கொண்ட 321253732800-க்குத் தாவிவிடுகிறது. இடையில் 5040 காரணிகளோடு 293318625600 என்ற எண் இருக்கிறது; அது அவர் அட்டவணையில் இல்லை. விடுபட்ட இந்த எண்ணையும் அட்டவணையின் கடைசி எண்ணையும் காரணிப்படுத்தி அருகருகே வைத்துப் பார்த்தேன். 6, 4, 2, 2, 1, 1, 1, 1 வரை இரண்டும் ஒன்றே. கடைசி எண்ணில் கூடுதலாக 23 மட்டும். அதாவது விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதே அட்டவணையை முடித்துவைக்கும் 6746328388800. பெருக்கலின் விளைவைப் பிடித்தவருக்கு அடித்தளத்தில் இருந்த எண் எப்படியோ நழுவியிருக்கிறது. இவ்வளவு நீண்ட அட்டவணையில், கைக்கணக்கில், ஒன்று மட்டுமே நழுவியது என்பதுதான் உண்மையில் வியக்கத்தக்கது.

நம் எண் சிறு பகா எண்களால் ஆனது என்பதால் காரணிப்படுத்தல் எளிதாக முடிந்தது. கடினமான எண்களில் நிலைமை எப்படி என்று பார்க்க, 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 147573952589676412927-ஐக் கொடுத்தேன். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் எழுதிக்காட்டிய 193707721, 761838257287 என்ற இரு காரணிகளும் என்டர் தட்டியவுடன் வந்தன. இலக்கங்கள் கூடக்கூட இம்மென்பொருள் முறைகளை மாற்றிக்கொள்கிறது. முதலில் சிறு பகா எண்களால் வகுத்துப் பார்த்து, பின்னர் பொலார்டின் முறை, நீள்வட்ட வளைவு முறை, இருபடிச் சல்லடை என்று தானே முன்னேறுகிறது. ஆனால் மிகப் பெரிய எண்களுக்குரிய நம்பர் ஃபீல்டு சீவ் முறை இதில் இல்லை. காரணிப்படுத்தும் சவாலாக வெளியிடப்பட்டு 2020-இல் காரணிப்படுத்தப்பட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ-250 போன்ற எண்ணை இதில் இட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை; அது இக்கருவியின் களமும் அல்ல.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இணையத்தில் எழுதுவோர் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். 'ஃபேக்டர்' கட்டளை பகா எண் என்று காட்டும் பெரிய காரணிகள், இயல்பான அமைப்பில், கணித முறைப்படி நிறுவப்பட்ட பகா எண்கள் அல்ல. மிகவும் நம்பகமான ஒரு சோதனையில் தேறியவை, அவ்வளவே. 2-இன் 64ஆம் அடுக்குக்கு உட்பட்ட எண்களில் அச்சோதனை ஒருபோதும் பிழைக்காது என்பது முழுமையாகச் சரிபார்க்கப்பட்டுள்ளது. அதற்கு மேலும் இன்றுவரை ஒரு விதிவிலக்குகூட அகப்பட்டதில்லை. ஆயினும் ஐயமற்ற நிரூபணம் தேவைப்படும் இடத்தில் 'ஈஸ்பிரைம்' கட்டளையைத் தனியாகப் பயன்படுத்த வேண்டும், அல்லது காரணிகளை நிறுவியே தரும்படி அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். கையேடு இதை மறைக்கவில்லை. ஆனால் திரையில் விடை வரும்போது அதை நினைவூட்டும் குறிப்பு எதுவும் வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

குறைகளில் முதன்மையானது, தொடக்கநிலையாளரிடம் இது காட்டும் கண்டிப்பு. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு வெவ்வேறு. ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுக்காமலே அதைப் பயன்படுத்தினால், தவறு என்று சொல்லாமல் அதை இயற்கணித மாறியாக எடுத்துக்கொண்டு பல்லுறுப்புக் கோவையாக விடை தருகிறது. பல்லுறுப்புக் கோவையோடு வேலை செய்பவருக்கு அது வரம். எழுத்துப் பிழை செய்துவிட்ட மாணவருக்கோ, காரணிகளின் எண்ணிக்கையைக் கேட்ட இடத்தில் பொருந்தாத வகை என்று ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அச்செய்தியிலிருந்து தன் பிழையைக் கண்டுபிடிப்பது அவருக்கு எளிதல்ல. எண்ணைக் காற்புள்ளி இட்டுப் பிரித்து எழுதினாலும் ஏற்பதில்லை. பதின்மூன்று இலக்கத்தை இடைவிடாமல் தட்டச்சு செய்துவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதுதான். ஒரு சமக்குறி என்றால் மதிப்பளித்தல், இரண்டு என்றால் ஒப்பிடுதல் என்ற வழக்கு நிரலாக்கம் பழகியவர்களுக்குத் தெரியும். கணிதம் மட்டும் படித்தவர்கள் ஒருமுறையாவது இதில் இடறுவார்கள்.

பெரிய பட்டியல்களைக் கையாளும்போது, ஒதுக்கிய நினைவகம் நிரம்பிவிட்டது என்று கணக்கு நின்றுபோவதும் உண்டு. அளவை உயர்த்துவது எப்படி என்ற குறிப்பை அச்செய்தியே தருகிறது என்பதால் இதைப் பெருங்குறையாகச் சொல்ல மாட்டேன். நம் எண்ணின் 10080 காரணிகளுக்கு அந்த நிலை வரவில்லை.

உதவிக் குறிப்புகள் தரமானவை. கேள்விக்குறியை இட்டு அடுத்துக் கட்டளையின் பெயரை எழுதினால் ஓரிரு வரி விளக்கம் உடனே கிடைக்கும். விரிவான கையேடும் இலவசம். ஆனால் இவை யாவும் ஆங்கிலத்தில், அதுவும் எண்ணியல் முதுகலை படித்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காரணிகளின் எண்ணிக்கையை அறிய விரும்பும் பத்தாம் வகுப்பு மாணவர் அக்கையேட்டைத் திறந்தால், நீள்வட்ட வளைவுகளுக்கும் எண் புலங்களுக்கும் நடுவே தனக்கு வேண்டிய ஐந்தாறு கட்டளைகளைத் தேடிக் களைத்துவிடுவார். ஆசிரியர் ஒருவர் அந்த ஐந்தாறு கட்டளைகளை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் இச்சிக்கல் பெருமளவு தீரும். காரணிப்படுத்தல், காரணிகளின் எண்ணிக்கை, அவற்றின் பட்டியல், கூடுதல், மீப்பெரு பொதுக் காரணி, பகா எண் சோதனை ஆகியவை போதும். ஒரு பருவம் முழுவதற்கும் அவற்றில் வேலை இருக்கிறது.

கைபேசியில் பயன்படுத்துவதைப் பொறுத்தவரை என் கருத்து அவ்வளவு சாதகமாக இல்லை. அடுக்குக்குறியும் அடைப்புக்குறிகளும் கைபேசி விசைப்பலகையில் இரண்டு மூன்று திரைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ஒருவரிக் கணக்குக்குப் பரவாயில்லை, சுழற்சியோடு கூடிய நிரலுக்குப் பொறுமை வேண்டும். உலாவிப் பதிப்பு வகுப்பறையில் காட்ட ஏற்றது. ஆனால் கணினியில் நிறுவிய பதிப்பின் வேகத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஓர் எண்ணின் காரணிகளை எப்போதாவது ஒருமுறை தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு இது தேவையில்லை. பொத்தான் உள்ள இணையப் பக்கமே போதும். எண்களோடு நேரம் செலவிட விரும்பும் ஆசிரியர், போட்டித் தேர்வுக்கு எண்ணியல் படிக்கும் மாணவர், ராமானுஜனின் கட்டுரைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தபடியே படிக்க நினைக்கும் வாசகர் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதலில் உலாவிப் பதிப்பில் 6746328388800-ஐக் காரணிப்படுத்திப் பாருங்கள். அந்த இரு நெடுவரிசைகளைப் பார்த்தபின் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றினால், கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் போர்தோ தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்வதே நல்லது.